முதல் பிளான்டட் டேங்க்: 2 அடி, டிரிஃப்ட்வுட்டும் கார்பெட்டும் வேணும், சென்னை போர் தண்ணி. பிளான் பாத்து சொல்லுங்க

பிரபா_மடிப்பாக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் வீட்ல சாதா மீன் தொட்டி தான், கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, மோலி, கப்பி. இப்ப அதை எடுத்துட்டு உயிர்ச்செடி வச்சே ஒரு டேங்க் பண்ணலாம்னு இருக்கேன். லிஸ்பன் ஓசியனேரியத்துல தகாஷி அமானோ 2015ல அமைச்ச அந்த 40 மீட்டர் நீள தொட்டி வீடியோ பாத்ததுல இருந்து மனசு அதுலயே நிக்குது, 1,60,000 லிட்டராம், நமக்கு 2 அடி போதும்.

டேங்க் 60 x 30 x 36 செ.மீ., 6 மி.மீ. கண்ணாடி, ஆர்டர் குடுத்தாச்சு. நடுவுல கிளை கிளையா ஒரு பெரிய டிரிஃப்ட்வுட், கீழ முழுக்க பச்சைப் புல்லு மாதிரி கார்பெட், மேல சின்ன மீன் கூட்டமா போகணும், அவ்வளவு தான் ஆசை. தண்ணி போர், டிடிஎஸ் 900க்கு மேல காட்டுது. கிச்சன்ல ஆர்ஓ இருக்கு.

கேக்க வேண்டியது நிறைய இருக்கு, மொதல்ல இது: எந்த கார்பெட் செடி, தனியா சிஓ2 கேஸ் விடாம வருமா, கட்டை எது வாங்கலாம், லைட் எவ்வளவு? கடையில ஒருத்தர் ஒரு மாதிரி சொல்றாங்க, அடுத்த கடையில அதுக்கு நேர் எதிரா சொல்றாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கொளத்தூர்_வாசி

தம்பி, செடிய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கட்டைய முடிவு பண்ணுங்க. எல்லாரும் செடி பேர்ல இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா டிரிஃப்ட்வுட் வைக்கிற டேங்க்ல கார்பெட் எங்க வரும் எங்க வராதுன்னு தீர்மானிக்கிறது அந்த கட்டையோட நிழல் தான். நீங்க சொல்ற மாதிரி நடுவுல பெரிய கட்டை, கிளை நாலு பக்கமும் பரவி, கீழ முழுக்க கார்பெட்டுன்னா, கிளைக்கு அடியில இருக்குற செடி மேல மேல நீண்டு வெளுத்துப் போய் கடைசில பிஞ்சு மிதக்கும், அப்புறம் செடி சரியில்ல உரம் சரியில்லன்னு தேடிட்டு இருப்பீங்க.

ஒரு வேலை பண்ணுங்க. டேங்க் வர்றதுக்குள்ள அதே அளவுக்கு, 60க்கு 30, ஒரு அட்டைப்பெட்டிய வெட்டி அடியில மண்ணு போட்டு அதுல கட்டைய வச்சுப் பாருங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு, உங்க லைட் எந்த இடத்துல எந்த உயரத்துல தொங்கப் போகுதோ அங்க போன் டார்ச்ச புடிங்க. நிழல் விழுற இடத்த குச்சியால மண்ணுல கோடு போட்டுக்கோங்க. லைட் நீளமானதா இருந்தா டார்ச்ச இடமும் வலமும் நகர்த்திப் பாருங்க, எப்படி நகர்த்தினாலும் இருட்டாவே இருக்குற பகுதி தெரியும். அந்தப் பகுதில கார்பெட் நடாதீங்க. அங்க ஆனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், பியூஸ், கிரிப்டோகோரைன் மாதிரி நிழல் தாங்குற செடி. கோட்டுக்கு வெளிய இருக்குறது தான் உங்க கார்பெட். பாதி டேங்க் கார்பெட் வந்தாலே போதும், பாக்குறதுக்கு அது தான் ஆழமா தெரியும்.

நடுவுலயும் வைக்காதீங்க. மூணுல ஒரு பங்கு தள்ளி, கிளை எல்லாம் ஒரே பக்கமா சாயிற மாதிரி வச்சா இன்னொரு பக்கம் வெளிச்சமான மைதானம் கிடைக்கும். கண்ணாடிக்கும் கட்டைக்கும் நடுவுல நாலு விரல் போற இடைவெளி விடுங்க, பாசி சுரண்டணும் இல்ல.

கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் வந்தா கட்டைய கடையில அடுக்கி வச்சிருக்குறதுல போட்டோ எடுத்துட்டு வராதீங்க, ஒவ்வொண்ணா கையில எடுத்து திருப்பித் திருப்பி பாத்து வாங்குங்க. ஒரே பெரிய கட்டை கிடைக்கலன்னா ரெண்டு மூணு சின்னத சேத்து ஒண்ணாக்கலாம்.

செல்வி_கோவை

பிரபா, கட்டை விஷயம் மேல அண்ணா சொன்னது அப்படியே சரிங்க. எனக்கு கவலை உங்க தண்ணிதானுங்க. எங்களுக்கு சிறுவாணி, அதனால தொட்டிக்குன்னு தனியா ஒண்ணுமே பண்றதில்ல, குளோரின் போக்கிட்டு ஊத்துவோம். 900 டிடிஎஸ்ல அப்படி முடியாதுங்க. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பத்தான் காட்டும், அதுல கார்பனேட் கடினம் எவ்வளவுன்னு காட்டாது, அதனால கேஹெச் (கார்பனேட் கடினம்), ஜிஹெச் (மொத்தக் கடினம்) டெஸ்ட் கிட் ஒண்ணு கட்டாயம் வாங்கிக்கோங்க, சொட்டு விட்டு கலர் மாறுறத எண்ணுற கிட்டே போதும்.

முக்கியமான கேள்வி: உங்க அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் இருக்குதுங்களா? இருந்தா அந்தத் தண்ணிய டேங்க்ல ஊத்தாதீங்க. சாஃப்ட்னர் கால்சியம் மெக்னீசியத்த புடிச்சு வச்சுட்டு அதுக்கு பதிலா சோடியத்த விடும், டிடிஎஸ் குறையவே குறையாது, துணி நல்லா நுரைக்கும், ஆனா செடிக்கு வேண்டிய கால்சியம் போயிடும், வேண்டாத சோடியம் வந்துடும்.

பிரபா_மடிப்பாக்கம்

அக்கா இருக்கு! மாடித் தொட்டிக்கு போறதே சாஃப்ட்னர் வழியா தான். கீழ கார் பார்க்கிங்ல செடிக்கு ஊத்துற குழாய் மட்டும் நேரா போர். அது பயன்படுமா? ஆர்ஓ தண்ணி 35 காட்டுது, ஆனா 50 லிட்டர் புடிக்க ஒரு நாள் ஆகுமே, வீட்ல திட்டுவாங்க.

அண்ணா, அட்டைப்பெட்டி ஐடியா சூப்பர், இந்த வாரமே பண்றேன்.

செல்வி_கோவை

அந்த பார்க்கிங் குழாய் தானுங்க வேணும். கணக்கு இப்படி: நாலு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு நேர் போர் தண்ணி. 35ம் 900ம் இந்த அளவுல கலந்தா டிடிஎஸ் 200 கிட்ட வரும், கார்பெட் செடிக்கு அருமையான தண்ணி. வாரா வாரம் பாதி தண்ணி மாத்துறதுன்னா 25 லிட்டர், அதாவது ஒரு 20 லிட்டர் கேன் தண்ணியும் 5 லிட்டர் போரும், முடிஞ்சது. கேன் தண்ணியும் ஆர்ஓ பண்ணினது தான், வாங்கினதும் ஒரு தடவ மீட்டர் வச்சு பாத்துக்கோங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். வீட்டு ஆர்ஓவ குடிக்க விட்டுருங்க.

வெறும் ஆர்ஓ மட்டும் ஊத்துறதும் தப்புங்க. கேஹெச் சுத்தமா இல்லாத தண்ணில பிஹெச் தாங்கி நிக்காது. கேஹெச் 3, 4 இருந்தா நிம்மதி.

அப்புறம் ஆவியாகி குறையிற தண்ணிக்கு ஈடு செய்யிறப்ப ஆர்ஓ மட்டும் தான். தண்ணி தான் ஆவியாகுது, உப்பு உள்ளயே இருக்குது. அதுக்கும் போர் ஊத்தினா மாசத்துக்கு மாசம் டிடிஎஸ் ஏறிட்டே போகும்.

வைகை_அருண்

அண்ணே நான் மதுரை. எல்லாரும் சொல்றது சரிதேன், ஆனா மொத தொட்டிக்கே சிஓ2, ஆர்ஓ, சாயில்னு (செடித்தொட்டிக்குன்னு விக்கிற உருண்டை மண்ணு) போனா பாதிப் பேரு வெறுத்துப் போயி நிறுத்திப்புடுறாங்க. சிஓ2 இல்லாம அழகா பண்ணலாம். வெளிச்சத்த கம்மி பண்ணுங்க, கிரிப்டோ பார்வா, சாஜிடேரியா சுபுலேட்டா, மார்சீலியா இதெல்லாம் மெதுவா தான் வரும், ஆனா வரும். மார்சீலியான்னா வேற எதுவும் இல்லண்ணே, நம்ம ஆரைக்கீரை குடும்பம் தான், வாய்க்கா ஓரத்துல நாலு இலையோட நிக்குமே அதே சாதி. பின்னாடி வரிசைக்கு நீர்பிரமி, பக்கோபான்னு கடையில பாக்கெட் போட்டு விக்கிறாங்களே அது நம்ம குளத்தோரச் செடி, உப்புத் தண்ணியும் தாங்கும்.

என்கிட்ட இருக்குற தொட்டில சிஓ2 கிடையாது, சாஜிடேரியா முன்னாடி பூரா பரவி கெடக்கு. வருசக்கணக்குல ஓடுது.

பிரபா_மடிப்பாக்கம்

அருண் ப்ரோ அப்ப வயக்காட்டுல இருந்து ஆரைக்கீரை புடுங்கிட்டு வந்து நட்டா கார்பெட் வந்துருமா? ஊர்ல எங்க தாத்தா வீட்டு வாய்க்கால் முழுக்க இருக்கு.

வைகை_அருண்

வேணாம்ணே. ரெண்டு காரணம். கார்பெட்டுக்குன்னு விக்கிறது ஹிர்சூட்டா, ஆஸ்திரேலியா பக்கத்துது, அது தண்ணிக்குள்ள குட்டையா நிக்கும். நம்ம ஊரு ஆரை காம்பு நீட்டி மேல போயி இலைய மிதக்க விடப் பாக்கும். அத விட பெரிய விசயம் பூச்சி மருந்து. வயல்ல அடிச்ச மருந்து செடியோட ஒட்டிக்கிட்டு வந்தா மீன் தப்பிச்சாலும் இறால் ஒண்ணு மிஞ்சாது.

கொளத்தூர்_வாசி

அருண் சொல்றது நல்ல வழி, மறுக்கல. ஆனா பிரபா கேக்குறது அந்த அடர்த்தியான குட்டைப் பச்சை. சாஜிடேரியா ஒரு அடி உயரம் வரைக்கும் வளந்துரும், 36 செ.மீ. தொட்டில அது கார்பெட்டா தெரியாது, புதரா தெரியும். சிஓ2 வச்சா தான் நினைச்சது வரும்னு நேரா சொல்லிடுறது நல்லது.

செடில எதுன்னா, எல்லாரும் போட்டோவுல பாத்து ஹெச்சி கியூபாங்குற பொடி இலை கார்பெட் செடிய கேப்பாங்க. சென்னைக்கு அத நான் சொல்ல மாட்டேன். 22ல இருந்து 26 டிகிரிக்குள்ள தான் அது சந்தோஷமா இருக்கும், நம்ம ஊர்ல மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல தண்ணி 31, 32 போகும். மான்டி கார்லோ எடுத்துக்கோங்க, இலை கொஞ்சம் பெருசு, வேர் நல்லா புடிக்கும், சூடும் ஓரளவு தாங்கும். இல்லன்னா ஹேர்கிராஸ், அது புல்வெளி மாதிரி வேற அழகு. ரெண்டையும் ஒரே இடத்துல கலக்காதீங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டா பிரிக்கவே முடியாது. குளோசோஸ்டிக்மா வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சாலே எழுந்து நிக்க ஆரம்பிச்சுரும், முதல் டேங்குக்கு வேணாம்.

சூட்டுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. 25 டிகிரி தண்ணில ஆக்சிஜன் லிட்டருக்கு 8.2 மி.கி. வரைக்கும் கரையும், 32ல 7.3 தான். சிஓ2வும் அதே மாதிரி தான், சூடாக ஆக கரையிறது குறையும். மீனுக்கு மூச்சு வேகமா வாங்குற நேரத்துல தண்ணில காத்து கம்மி, அப்பப் போய் சிஓ2வ ஏத்தி விட்டா மேல வந்து வாய் பிளக்கும். அதனால கோடையில ஒரு சின்ன ஃபேன், கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தது கூட போதும், தண்ணி மேல படுற மாதிரி மாட்டுங்க, ரெண்டு டிகிரி குறையும். அதுவே பெரிய வித்தியாசம்.

கேஸ்_கணேஷ்

சிஓ2 பத்தி நான் சொல்றேன், இது நான் ரொம்ப நாளா நோண்டிட்டு இருக்குற விஷயம்.

சர்க்கரை ஈஸ்ட் பாட்டில்: மலிவு, ஆனா சூட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு நாள் அதிகமா வரும் ஒரு நாள் வராது, ராத்திரி நிறுத்தவும் முடியாது. ஏத்த இறக்கம் தான் கருந்தாடிப் பாசிக்கு அழைப்பு, சிஓ2 கம்மியா இருக்குறத விட இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணா இருக்குறது தான் ஆபத்து. அதனால வேணாம்.

சிட்ரிக் ஆசிட் சமையல் சோடா: ரெண்டு லிட்டர் ஸ்டீல் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேத்து செட்டா வருது. 200 கிராம் சோடா, 200 கிராம் சிட்ரிக், 300 மி.லி. தண்ணி. 2 அடி டேங்குக்கு ரெண்டு மூணு வாரம் ஓடும். ரெண்டுமே மளிகைக் கடை மொத்த வியாபாரத்துல கிடைக்கிற சாமான். ஆனா கவனமா கேளுங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல இத செய்யாதீங்க, வீடியோவுல நிறைய பேர் காட்டுறாங்க, அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு தெரியாது, வெடிச்சா கண்ணு போயிரும்.

நிஜ சிலிண்டர்: தீயணைப்பு சிலிண்டர் நிரப்புற இடத்துல 2 கிலோ நிரப்பித் தருவாங்க. ரெகுலேட்டர்ல சோலினாய்டு (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு) இருக்கட்டும், டைமர்ல மாட்டிடலாம். செலவு முதல்ல அதிகம், அப்புறம் மாசக்கணக்குல தொட வேண்டியதில்ல.

நேரம்: லைட் வர்றதுக்கு 1 மணி நேரத்துக்கு மேல முன்னாடியே கேஸ் ஆன், லைட் அணையிறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி ஆஃப். டிராப் செக்கர் (சிஓ2 அளவ கலர்ல காட்டுற சின்னக் குடுவை) ஒண்ணு மாட்டுங்க, அதுக்குள்ள 4 கேஹெச் திரவம் தான் ஊத்தணும், டேங்க் தண்ணிய ஊத்தினா காட்டுறது பொய். நீலம்னா பத்தல, இளம்பச்சைன்னா 30 பிபிஎம் கிட்ட, மஞ்சள்னா மீனுக்கு ஆபத்து. அது கலர் மாற 1, 2 மணி நேரம் எடுக்கும், அதனால அத பாத்துக்கிட்டே குமிழி எண்ணிக்கைய அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ திருகாதீங்க. மீன் விட்டப்புறம் முதல் ஒரு வாரம் நீங்க வீட்ல இருக்குற நாள்ல மட்டும் ஏத்துங்க.

சிஓ2வ பொடிக் குமிழியா விடுற டிஃப்யூசர எங்க வைக்கிறதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல, இங்க தான் கட்டை மறுபடி வருது. ஃபில்டர் தண்ணி கட்டைல மோதி நின்னுட்டா அதுக்குப் பின்னாடி இருக்குற செடிக்கு சிஓ2 போகாது, குப்பையும் அங்க தான் சேரும். ஃபில்டர் வாய் அகல வாக்குல ஒரு ஓரத்துல, தண்ணி முன் கண்ணாடிய ஒட்டி ஓடி சுத்தி வர்ற மாதிரி. கார்பெட் இலை எல்லாம் லேசா ஆடிட்டு இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். மணிக்கு 400, 500 லிட்டர் ஃபில்டர் பாருங்க, தொட்டி ஓரத்துல தொங்குற ஹேங்-ஆன் ஃபில்டரா இருந்தாலும் சரி, வெளிய வைக்கிற கேனிஸ்டரா இருந்தாலும் சரி.

பிரபா_மடிப்பாக்கம்

கணேஷ் அண்ணா செம விளக்கம், சோடா சிட்ரிக் செட்டுல ஆரம்பிக்கிறேன்.

கட்டை வாங்கிட்டேன்! ஞாயித்துக்கிழமை போய் ஒரு கடையில ரொம்ப நேரம் நின்னு பாத்து, ஸ்பைடர் வுட் ஒண்ணு பெருசு, சின்னது ரெண்டு. இப்ப பிரச்சனை: பக்கெட்ல போட்டா மிதக்குது. தண்ணி டீ கலர்ல ஆயிடுச்சு. கூட சொந்தக்காரர் ஒருத்தர் தோட்டத்துல இருந்து காஞ்ச வேப்பங்கட்டை ஒண்ணும் குடுத்திருக்கார், வடிவம் ரொம்ப அழகு, அதையும் சேக்கலாமா?

கொளத்தூர்_வாசி

வேம்பு வேண்டவே வேணாம். பூச்சிக்கு ஆகாததுன்னு நமக்கே தெரியும், அதே காரணம் தான், இறாலுக்கு ஆகாது. பால் வடியிற மரம், பிசின் உள்ள மரம், பச்சை மரம் எதுவும் கூடாது. கடற்கரையில கிடக்குற கட்டையும் உப்பு ஊறினது.

ஸ்பைடர் வுட் மிதக்கத்தான் செய்யும், லேசான மரம். பெரிய அண்டா இருந்தா ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்க, தண்ணிய கொட்டிட்டு இன்னொரு தடவ. அண்டாவுக்குள்ள அடங்கலன்னா கொதிக்குற தண்ணிய மேல ஊத்தி டிரம்முல ஊற போடுங்க, தினமும் தண்ணி மாத்துங்க. அந்த டீ கலர் டானின், மீனுக்கு கெடுதல் இல்ல, வெளிச்சத்த மட்டும் மறைக்கும், கார்பெட்டுக்கு அது பிரச்சனை. ஊறினதும் மூழ்கலன்னா அடிக்கட்டைல ஒரு கடப்பாக்கல் துண்டு வச்சு ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு முடுக்கிடுங்க, கல்லு மண்ணுக்குள்ள மறைஞ்சுரும்.

தண்ணில வச்ச கொஞ்ச நாள்ல கட்டை முழுக்க வெள்ளையா சளி மாதிரி படரும். பயந்து கட்டைய வெளிய எடுத்து கழுவாதீங்க, கட்டைய புடுங்கினா சுத்தி நட்டது எல்லாம் போயிரும். கட்டைல இருக்குற சத்த தின்னுற பூஞ்சை பாக்டீரியா அது, தின்னு முடிச்சா தானா போயிடும். தண்ணி மாத்துறப்ப டியூப் முனைய அதுகிட்ட காட்டி உறிஞ்சி எடுத்துடுங்க. இறால் விட்டா ரெண்டே நாள்ல மேஞ்சுடும்.

செல்வி_கோவை

ஆனுபியாஸ், பியூஸ், ஜாவா ஃபெர்ன் மூணையும் மண்ணுல புதைக்காதீங்க பிரபா. படுத்து ஓடுற தண்டு புதைஞ்சா அழுகிப் போயிடும். கட்டைல ஒட்டணும். ஃபெவிக்விக் போதுங்க, சயனோஅக்ரிலேட் தண்ணி பட்டதும் இறுகிடும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. வேர்ல ஒரு சொட்டு, கட்டைல அழுத்தி பத்து எண்ணுங்க. ஜெல் மாதிரி வர்றது கிடைச்சா இன்னும் சுலபம். கிரிப்டோ மட்டும் மண்ணுல, அது நட்டதும் இலை எல்லாம் கரைஞ்சு போகும், வேர் உயிரோட தான் இருக்கும், புடுங்கி எறிஞ்சுடாதீங்க.

வைகை_அருண்

மண்ணு பத்தி யாரும் பேசலியே. சாயில் பாக்கெட் விலைய பாத்தா தலை சுத்துது. செம்மண்ணும் மண்புழு உரமும் ஒரு இஞ்ச், மேல ரெண்டு இஞ்ச் கழுவின மணல், அவ்வளவுதேன். செடித்தொட்டி பத்தி புத்தகம் எழுதின டயானா வால்ஸ்டட் அம்மா சொன்ன முறையே மண்ணத்தான அடிப்படையா வச்சிருக்கு. எனக்கு நல்லா ஓடுது.

செல்வி_கோவை

அருண் தம்பி, சிஓ2 இல்லாத தொட்டிக்கு அது நல்ல முறைதானுங்க. ஆனா கார்பெட் வைக்கிற தொட்டில அடிக்கடி நடுவோம், புடுங்குவோம், ட்ரிம் பண்ணுவோம். ஒவ்வொரு தடவையும் மணலுக்கு அடியில இருக்குற உரம் மேல வரும், தண்ணி கலங்கும், பாசி வரும். மான்டி கார்லோ வேர் பொடி வேர், கனமான மணல விட உருண்டை உருண்டையா இருக்குற சாயில்ல சீக்கிரம் புடிக்கும். இந்த அளவு டேங்குக்கு 9 லிட்டர் பாக்கெட் ஒண்ணும் 3 லிட்டர் ஒண்ணும் ஆகும். முன்னாடி 3 செ.மீ., பின்னாடி 8, 10 செ.மீ. சரிவு வையுங்க. செலவ குறைக்கணும்னா பின்னாடி உயரத்துக்கு அடியில எரிமலைக்கல்ல வலைப்பையில கட்டி போட்டு மேல சாயில் போடலாம்.

சாயில் போட்டா முதல் மூணு நாலு வாரம் அமோனியா கக்கும், மீன் விடக் கூடாது. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி தண்ணி. கடினத் தண்ணி ஊத்தினா சாயிலோட சக்தி சீக்கிரம் தீர்ந்துடும், அதுக்கும் சேத்து தான் அந்த கேன் தண்ணி கணக்கு சொன்னேனுங்க.

பிரபா_மடிப்பாக்கம்

அட்டைப்பெட்டில வச்சுப் பாத்தாச்சு. கட்டைய வலது பக்கம் தள்ளி, கிளை எல்லாம் இடது பக்கம் நீட்டிட்டு இருக்கு. டார்ச் அடிச்சா இடது பக்கம் பாதிக்கு மேல வெளிச்சம், கட்டைக்கு அடியில ஒரு சாண் அகலத்துக்கு இருட்டு. ஆனா ஒரு நீளக் கிளை குறுக்கால போகுது, அதோட நிழல் கோடு மாதிரி கார்பெட் நடுவுல விழுது. வெட்டிடலாமா?

லைட்டுக்கு 20 வாட் எல்இடி ஃப்ளட், 6500 கெல்வின், 1800 லூமன்னு போட்டிருக்கு, அது பத்துமா? நடுறது எப்படின்னும் சொல்லிடுங்க, ட்ரை ஸ்டார்ட்டுனு ஒண்ணு சொல்றாங்களே.

கொளத்தூர்_வாசி

வெட்டாதீங்க! மெல்லிசு கிளையோட நிழல் லைட்டுக்கு கீழ நிலையா நிக்காது, தண்ணி அசைவுல வெளிச்சம் சிதறும். அந்தக் கிளை தான் உங்க டேங்குக்கே அழகு. விரல விட தடிமனா இருக்குற இடத்துல மட்டும் யோசிங்க.

மண்ணு கல்லு கட்டை போக உங்களுக்கு 50 லிட்டர் தண்ணி நிக்கும், 1800 லூமன்னா லிட்டருக்கு 35 கிட்ட, சிஓ2வோட மான்டி கார்லோவுக்கு தாராளம். முதல் மூணு வாரம் 6 மணி நேரத்துக்கு மேல போடாதீங்க, பாசிக்கு தீனி போட்ட மாதிரி ஆகும். அப்புறம் மெதுவா 8 வரைக்கும்.

ட்ரை ஸ்டார்ட் நல்ல முறை தான், மண்ண ஈரமா வச்சு செடி நட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட் மூடி, தினம் கொஞ்சம் திறந்து காத்து விட்டு, ஆறு ஏழு வாரம். கார்பெட் முழுசா புடிச்சப்புறம் தண்ணி. ஆனா உங்க டேங்க்ல கட்டையும் இருக்கு, நம்ம ஊர் புழுக்கத்துல மூடி வச்ச ஈரக்கட்டைல பூஞ்சணம் புடிக்கும். கட்டை இல்லாத டேங்குக்கு சொல்லுவேன், உங்களுக்கு நேரா தண்ணி விடுறது தான் நல்லது.

நடுறப்ப டிஷ்யூ கல்ச்சர் கப் (லேப்ல ஜெல்லில வளத்த செடி) வாங்குங்க, நத்தை முட்டை பாசி எதுவும் வராது. பானைச் செடி வாங்கினா பஞ்ச முழுக்க புடுங்கி, படிகாரத் தண்ணில ஊற வச்சு கழுவுங்க. கப்ப திறந்ததும் அடியில ஜெல்லி இருக்கும், குழாயடியில அத சுத்தமா அலசிடுங்க, மிச்சம் இருந்தா பூஞ்சை. அப்புறம் கத்தரியால கட்டை விரல் நகம் அளவுக்கு துண்டு துண்டா வெட்டி ஈரத்துணி மேல பரப்பி வையுங்க. மண்ணு மூழ்கி ஒரு செ.மீ. மட்டும் தண்ணி நிக்கட்டும். நீள சாமணத்தால துண்டோட வேர் பக்கத்த புடிச்சு, நேரா குத்தாம கொஞ்சம் சாய்வா உள்ள விடுங்க, இலை நுனி மட்டும் வெளிய தெரியிற வரைக்கும், அப்புறம் புடிய தளர்த்திட்டு ஒரு சின்ன ஆட்டு ஆட்டி சாமணத்த உருவுங்க. நேரா இழுத்தா செடியும் கூடவே வந்துரும். ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒண்ணு. நாலு கப்பாவது வேணும். கொஞ்சமா நட்டு தானா பரவட்டும்னு விட்டா, காலியா இருக்குற மண்ண பாசி புடிச்சுரும். அன்னைக்கே பின்னாடி வரிசைக்கு நீர்பிரமியோ ரோட்டாலாவோ கட்டுக் கட்டா நிறைய நடுங்க, அது வேகமா வளந்து அமோனியாவ இழுத்துக்கும்.

நட்டு முடிச்சதும் தண்ணி நேரா ஊத்தாதீங்க, மேல பிளாஸ்டிக் கவர் விரிச்சு அதுல டியூப்ல மெதுவா.

கேஸ்_கணேஷ்

உரம் பத்தி ஒரு வார்த்தை. பாட்டில் உரம் விலை அதிகம். சொட்டு நீர்ப் பாசனத்துக்கு உரக்கடையில 13:0:45, 0:52:34, 0:0:50னு விக்கிறாங்க பாருங்க, அது தான் பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் சல்ஃபேட். 50 லிட்டருக்கு அரை கிராம் 13:0:45 போட்டா நைட்ரேட் 5, 6 பிபிஎம் ஏறும். சமையலறைத் தராசுல அரை கிராம் நிக்காது, நகைக்கடை மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கோங்க. நுண்ணூட்டத்துக்கு மட்டும் அக்வேரியத்துக்குன்னு வர்றத வாங்குங்க, வயலுக்கு வர்றதுல காப்பர் அளவு அதிகமா இருக்கலாம், இறாலுக்கு ஆகாது. சாயில்லயே சத்து இருக்கு, முதல் மாசம் பொட்டாசியம் மட்டும் லேசா போட்டா போதும்.

பிரபா_மடிப்பாக்கம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சுக்குற அளவுக்கு இருக்கு. கடைசியா மீன். வீட்ல குட்டிப்பொண்ணு இப்பவே தங்கமீன் கேக்குறா. எது எப்ப விடலாம்? மீன் இல்லாம ஒரு மாசம் தண்ணி நின்னா கொசு வராதா?

செல்வி_கோவை

ஃபில்டர் தண்ணி மேல்பரப்ப அசைச்சுட்டே இருந்தா கொசு முட்டை போடாதுங்க. கரண்ட் போற நேரத்துக்கு பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுடுங்க, மீன் விட்டப்புறம் அது உயிர் காக்கும்.

தங்கமீன் மட்டும் வேண்டாம், கார்பெட்ட ஒரே நாள்ல தோண்டிப் போட்டுடும். கோரிடோராஸும் மண்ண கிளறும், செடி நல்லா வேர் புடிச்சப்புறம் பாக்கலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் டெஸ்ட்ல பூஜ்யம் காட்டினதும் முதல்ல செர்ரி இறால் பத்து, ஒரு நெரைட் நத்தை. அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு நியான் டெட்ராவோ எம்பர் டெட்ராவோ எட்டு பத்து, ஒரே இனமா வாங்குங்க, அப்பதான் கூட்டமா போகும். சூட்டுக்கு எம்பர் நல்லா தாங்கும். பாப்பாவுக்கு தேன் கௌராமி ஒரு ஜோடி காட்டுங்க, தங்க நிறம் தான் அதுவும், மேல வந்து முகத்த பாக்கும், புடிச்சுப்போகும்.

கொளத்தூர்_வாசி

மான்டி கார்லோ 3, 4 செ.மீ. தடிமன் வந்ததும் பாதிக்கு வெட்டிடுங்க, வெட்ட மனசு வராது, ஆனா வெட்டணும். அடியில இருக்குறதுக்கு வெளிச்சம் போகலன்னா அழுகி மொத்த கார்பெட்டும் பாய் மாதிரி சுருண்டு மேல வந்துரும். வெட்டுறப்ப ஃபில்டர அணைச்சுட்டு மிதக்குற துண்ட எல்லாம் வலையில அள்ளிடுங்க, இல்லன்னா கட்டை இடுக்குல எல்லாம் போய் மாட்டிக்கும். டேங்க் வந்ததும் ஸ்டாண்ட் மட்டம் பாத்துட்டு அடியில ஃபோம் ஷீட் போட்டு வையுங்க, தண்ணி மண்ணு எல்லாம் சேந்தா 80, 90 கிலோ வரும், கம்ப்யூட்டர் டேபிள் தாங்காது.